நீர்நாய் கொடுத்த நாற்காலி

இரண்டு ஊசியும் ஏறியாயிற்று. இனி பதினொரு மணி வரைக்கும் இடது கை டயாலிசிஸ் மெஷினுக்குச் சொந்தம், வலது கை எனக்கு. ஜெபசீலி சிஸ்டர் குழாயின் மேல் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டே, "சார், கையை ஆட்டப்பிடாது, கேட்டீங்களா? போன வாரம் மாதிரி கேம்ல மீன் பிடிக்கேன்னு துள்ளினீங்கன்னா டேப்லெட்டைத் தூக்கி அலமாரியில வச்சுப் பூட்டிருவேன்" என்றாள். நாகர்கோவில் பெண், ஈரோட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை. ஐம்பதை நெருங்குகிற பாத்திரக்கடைக்காரனை விளையாட்டுச் சாமானைப் பிடுங்கிவிடுவேன் என்று மிரட்டுகிறாள், நானும் சரிங்க சிஸ்டர் என்கிறேன், என் கடைப் பையன்கள் பார்த்தால் சிரித்தே செத்துப்போவார்கள். குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கிவிட்டது, மெஷினில் அந்தச் சின்னச் சக்கரம் சுற்றுகிறது, இரண்டு கிலோ எண்ணூறு கிராம் தண்ணீர் இன்றைக்கு உடம்பிலிருந்து எடுக்க வேண்டுமாம், எல்லாம் நேற்றைய கரும்பு, பொங்கலுக்குக் கடை வாசலில் கட்டு இறக்கினார்கள், ஒரே ஒரு கணு என்று ஆரம்பித்தேன், எத்தனை கணு என்று சிஸ்டரிடம் சொல்லவில்லை. சாந்தா பதினொன்றுக்கு வருகிறாள். சாந்தாமணி, என் தங்கச்சி, எனக்கு இருக்கிற ஒரே கூடப்பிறப்பு, கோபியிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். நாளைக்குக் காலையில் கோயமுத்தூரில் கமிட்டி. அவளும் நானும் டாக்டர்கள் முன்னால் உட்கார வேண்டும், தன் கிட்னியில் ஒன்றை எனக்குத் தருவதாக அவள் தன் வாயால் சொல்ல வேண்டும், அதை வீடியோ வேறு எடுப்பார்களாம். இரண்டு தடவை தேதி கொடுத்தார்கள், இரண்டு தடவையும் சாக்குச் சொல்லித் தள்ளிவிட்டேன். இன்று அவள் வந்ததும் சொல்லிவிட வேண்டும், வேண்டாம் அம்மணி, எனக்கு இந்த மெஷினே போதும். ஒரே ஒரு வரி, நான்கு மாதமாக வாய்க்குள்ளேயே உருள்கிறது. போதுமா என்றால் போதாது. இருதயம் வீங்க ஆரம்பித்திருக்கிறது, இப்படியே ஓட்டினால் இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ, அதற்கு மேல் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். என் மனைவி ரேவதிக்குச் சர்க்கரை, அவளுடையதை எடுக்க மாட்டார்கள். மகள் மிருதுளா நான் தரேன்ப்பா என்றாள், பத்தொன்பது வயசு, அந்தப் பேச்சை எடுத்தால் வீட்டுக்கே வராதே என்று சத்தம் போட்டேன். மிச்சம் சாந்தா. தலையணையை வயிற்றின் மேல் வைத்து, டேப்லெட்டை அதில் சாய்த்து, ஒரு விரலால் ஊரைத் திறந்தேன்.

ஊர் என்றுதான் நான் சொல்வேன். அந்த விளையாட்டுக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது, எதற்கு அது. டயாலிசிஸ் ஆரம்பித்த முதல் மாதம் மிருதுளாதான் தன் பழைய டேப்லெட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு சென்னைக்குக் காலேஜ் போனாள். "சும்மா ஃபேனையே பாத்துட்டுப் படுத்திருக்காதீங்கப்பா." இதுல என்ன பண்ணோணும் என்று கேட்டேன். ஒண்ணும் பண்ண வேண்டாம் என்றாள். ஜெயிக்கறது எப்படி? ஜெயிக்கறதெல்லாம் இல்லப்பா. தோத்துட்டா? தோக்கவும் முடியாது. அப்பறம் எதுக்குடி இந்தக் கருமம் என்றேன், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கடலோரம் ஒரு சின்ன ஊர், நடுவில் ஓர் ஆறு, எனக்கு ஒரு குடிசை, சுற்றிலும் இடுப்பு உயரத்துக்குப் பெரிய தலையும் சின்ன உடம்புமாகக் குடித்தனக்காரர்கள், ஒரு நீர்நாய், ஓர் ஆடு, துணி தைக்கிற முள்ளம்பன்றி, தபால் கொண்டு வருகிற வாத்து. இதைப் போய் ஒரு பெரிய மனுஷன் பார்ப்பதா என்று மூடி வைக்கத்தான் இருந்தேன். அப்போது காலடிச் சத்தம் கேட்டது. என்னுடைய காலடி. புல்லில் நடந்தால் ஒரு சத்தம், மணலில் வேறு, மரப்பாலத்தில் ஏறியதும் டொக் டொக்கென்று வேறு. நான் சத்தத்தில் பிழைக்கிறவன், விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பித்தளைக் குடத்தின் கனத்தைச் சொல்லிவிடுவேன், எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை. பாலத்தில் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து, இந்தப் பாலத்தில் கால் வைக்கப்போகிற முன்பின் தெரியாத ஆளுக்காக இப்படி ஒரு சத்தத்தைத் தேடி வைத்திருக்கிறார். எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்? உடம்பெல்லாம் புல்லரித்துப்போயிற்று எனக்கு, சிஸ்டர் குளிருதா சார் என்று போர்வையை இழுத்துவிட்டாள். அங்கேயும் நம்முடைய கடிகாரம்தான். இங்கே ஏழேகால் என்றால் அங்கேயும் ஏழேகால், ஆடு அப்போதுதான் எழுந்து வாசலுக்கு வந்து சோம்பல் முறிக்கிறது. அதெல்லாம் இங்கிலீஷில்தான் பேசுகின்றன, பேச்சு எழுத்தாகக் கட்டத்துக்குள் வரும், நான் கூட்டிக் கூட்டிப் படிப்பேன், என் மண்டைக்குள் நுழைவதற்குள் அது எங்கள் பக்கத்துப் பேச்சாகிவிடும். ஏனுங், சாப்டாச்சுங்களா என்று ஆடு கேட்கிற மாதிரியே இருக்கும். ஆச்சுங் என்று நானும் வாய்விட்டுச் சொல்லி, பக்கத்துக் கட்டிலில் இருக்கிற வக்கீல் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

முதல் வாரமே மானம் போயிற்று. காலையில் கதவைத் திறந்தால் நீர்நாய் நிற்கிறது, பெயர் என்னவோ போட்டிருந்தது, நான் நீர்நாய் என்றே சொல்வேன், ஒரு மர நாற்காலியைக் கையில் கொடுத்து உனக்குப் பிடிக்கும்னு தோணுச்சு என்றது. வாங்கிக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? பக்கத்து வீட்டுக் கிண்ணம் குழம்போடு வந்தால் வெறும் கிண்ணமாகத் திரும்பிப் போனதுண்டா எங்கள் வீட்டிலிருந்து? ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் அம்மா கொடுப்பாள். ஆற்றில் ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு போய் நீர்நாயிடம் கொடுத்தேன். அது உடனே ஒரு விளக்கைக் கொடுத்தது. இதென்ன வம்பு என்று கடற்கரையெல்லாம் அலைந்து ஒரு பெரிய சங்கைக் கொடுத்தேன். அது ஒரு கம்பளத்தைக் கொடுத்தது. ஆட்டுக்கும் விஷயம் தெரிந்துவிட்டதோ என்னவோ, அதுவும் கொடுக்க ஆரம்பித்தது. ஒரு வாரம், நான் ஒரு மரத்தை நின்று பார்க்கவில்லை, ஒரு பூவைப் பார்க்கவில்லை, காலையிலிருந்து கடன்பட்டவன் மாதிரி ஊருக்குள் ஓடிக்கொண்டே இருந்தேன், குடிசைக்குள் கால் வைக்க இடமில்லாமல் நாற்காலியும் மேஜையும் ஒன்றின் மேல் ஒன்று. வீடியோ காலில் மிருதுளா பார்த்துவிட்டு, "அப்பா, என்னப்பா இது கல்யாண மண்டபம் மாதிரி? திருப்பிக் குடுக்கோணும்னு யாரு சொன்னா?" என்றாள். யாரும் சொல்லல, ஆனா எப்படிக் கண்ணு சும்மா வாங்கறது என்றேன். "சும்மா வாங்குங்கப்பா. தேங்க்ஸ் சொல்லிட்டு உள்ள வெச்சிட்டு மீன் பிடிக்கப் போங்க." அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள், அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. உயிரில்லாத ஒரு பொம்மை நீர்நாயிடம்கூட என்னால் ஒரு நாற்காலியை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. பிரஷர் மெஷின் கையை இறுக்குகிறது, நூற்றி இருபது, பரவாயில்லை.

நாங்கள் பேர் வெட்டுகிறவர்கள். கடையில் ஒரு குத்துவிளக்கோ அண்டாவோ வாங்கினால் கொடுக்கிறவர் பேரை நான் இலவசமாக வெட்டித் தருவேன், அதற்கென்று சின்ன மெஷின் இருக்கிறது, முன்னே உளியும் சுத்தியும்தான். இருபத்தாறு வருஷமாக இந்த ஜில்லாவில் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று என் கையால் எழுதியிருக்கிறேன். இன்னார் அன்பளிப்பு, தாய்மாமன் சீர், நாள், கிழமை. பாத்திரம் ஓட்டையாகும், பேர் அழியாது. என் கல்யாணத்தில் வந்த டம்ளர்களில் யார் பேர் இருக்கிறதோ அவர் ஞாபகம் இல்லாமல் நான் காப்பி குடித்ததே கிடையாது, இன்றைக்குச் சித்தோட்டுச் சித்தப்பா, நாளைக்குப் பவானி ஒர்க்‌ஷாப்காரர் என்று. சாந்தா வீட்டில் பார்த்தால் பரண் முழுக்க என் பேர். அப்பா போனபோது எனக்கு இருபத்திரண்டு, அவளுக்குப் பத்தொன்பது, நான்தான் நின்று கட்டிக்கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு தை மாசம் தவறியதில்லை, அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, சேலை, கூடவே ஒரு பாத்திரம், அண்ணன் குழந்தைவேல் என்று வெட்டி. அவள் பெண் பெரியவளானதற்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோனபோது கோபி கடைவீதியே எழுந்து நின்று பார்த்தது, எனக்கு அதில் ஒரு மிதப்பு, இல்லையென்று சொல்ல மாட்டேன். அண்ணன் கொடுப்பான், தங்கச்சி வாங்குவாள், தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி அது. இப்போது அவளிடமிருந்து நான் வாங்குவதா? அதுவும் என்ன, சேலையா, சட்டையா? சட்டை. சட்டை ஞாபகம் ஏன் இப்போது. அவள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷம் பாலர் பள்ளியில் டீச்சராக இருந்தாள், முதல் சம்பளத்தில் எனக்கு நீலத்தில் கட்டம் போட்ட சட்டை ஒன்று எடுத்து வந்தாள். மறுநாளே நான் அவளுக்கு இரண்டு சேலை எடுத்துக்கொண்டு போய் நின்றேன், ஒன்றுக்கு இரண்டாக, பெருமையாக. அவள் சேலையைத் தொடவே இல்லை. "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, என்ற சட்டையப் போட்டுட்டுச் சும்மா நில்லுண்ணா" என்றாள். பைத்தியம் என்று தலையில் தட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். அந்தச் சட்டையை எத்தனை தடவை போட்டிருப்பேன் என்று இப்போது யோசித்தால் வர மாட்டேன் என்கிறது. கிட்னியை வாங்கிக்கொண்டால் எதைத் திருப்பிக் கொடுப்பேன்? வீட்டை எழுதிவைக்கலாமா, கடையையா? எதை எடுத்து வைத்தாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது கூசுகிறது. அதில் எந்த இடத்தில் பேர் வெட்டுவது, யார் பார்க்கப்போகிறார்கள், உள்ளே இருட்டில் இருந்துகொண்டு ராத்திரி பகலாக எனக்கு உழைத்துக்கொண்டிருக்கும், நான் ஒவ்வொரு தடவை மூத்திரம் போகும்போதும் என் தங்கச்சிக்குக் கைகூப்ப வேண்டும். அவளுக்குப் பின்னால் ஏதாவது ஆகிவிட்டால்? இருக்கிற ஒன்றும் கெட்டுப்போனால்? சாந்தாவின் வீட்டுக்காரர் துரைசாமி மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லை, உங்க தங்கச்சி முடிவு பண்ணிட்டா, நான் யாருங்க மச்சான் என்றார், அந்த நல்ல குணமே என்னைக் கொல்கிறது. வேண்டாம் அம்மணி, எனக்கு இந்த மெஷினே போதும். சொல்லிவிடலாம்.

ஊரில் இன்று பனி. சிஸ்டர், இங்க பாருங்க பனி என்றேன், அவள் குனிந்து பார்த்து, ஐயோ அழகா கெடக்கே என்றுவிட்டு வக்கீலின் மெஷின் கத்துகிறது என்று ஓடினாள். நான் பிறந்ததிலிருந்து பனி விழுந்து பார்த்ததில்லை. கூரையில், பாலத்தில், போன வாரம் நட்ட பேரிக்கன்றின் தலையில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறது, நடந்தால் காலடிச் சத்தம் அதற்கும் தனி, சரக் சரக்கென்று. ஆறு மட்டும் உறையாமல் ஓடுகிறது. எனக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான், குழம்பு ரசம் எல்லாம் அதற்குள், அதனால்தானோ என்னவோ அந்த ஆற்றங்கரையில் நின்றால் கண்ணெடுக்க மனசு வருவதில்லை. கார்த்திகையில் நுரையீரலில் நீர் கோத்து ஐசியூவில் கிடந்தேனே, பதினொரு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. வீட்டுக்கு வந்து இதைத் திறக்கப் பயந்தேன், சிரிக்காதீர்கள், நிஜமாகவே பயம். கடையைப் பதினொரு நாள் விட்டால் என்ன ஆகும், கணக்குப்பிள்ளை முகம் தொங்கும், வாடிக்கைக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போயிருப்பார்கள், எல்லோரும் வந்து எங்க போயிட்டீங்க என்று கேட்பதிலேயே பாதிக் குற்றம் இருக்கும். இங்கேயும் கன்றுகள் காய்ந்திருக்கும், ஆடு மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். திறந்தால் பாதையெல்லாம் களை முளைத்திருந்தது, அவ்வளவுதான். ஒரு மரம் சாகவில்லை. என் குடிசைக் கதவில் தபால் தொங்கியது, வாத்து ஒவ்வொரு நாளும் வந்து போட்டிருக்கிறது. நீர்நாய் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே ஓடி வந்தது, ஏன் வரவில்லை என்று கேட்கும் என்று பார்த்தேன், வந்துட்டியா, இன்னைக்குத் தண்ணி தெளிவா இருக்கு, மீன் நல்லாத் தெரியும் என்றது. அவ்வளவே. அன்று நான் அழுதேன். ரேவதி பயந்துபோய் மூச்சு வாங்குதா என்று கேட்டாள். இல்ல, ஒண்ணுமில்ல என்றேன், எப்படிச் சொல்வது, ஒன்றுமே செய்யாமல் படுத்துக் கிடந்தவனுக்காக ஒரு ஊர் அப்படியே இருந்தது என்று. இத்தனை வயசில் இப்படி ஒரு இடம் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, மனுஷன் உட்கார்ந்து கற்பனை பண்ணி இதைச் செய்திருக்கிறான் என்பதுதான் இன்னும் ஆச்சரியம், எவனோ ஒருவனுக்கு இது வேண்டியிருந்திருக்கிறது, எனக்கு வேண்டியிருந்த மாதிரியே.

ஒன்பதே முக்காலுக்கு நீர்நாய் பனியில் நடந்து என்னிடம் வந்தது. கையில் ஒரு பொட்டலம், குளிருக்கு ஒரு கழுத்துத்துணி. என் பையைத் தட்டினேன், காலி. ஒரு சங்கு இல்லை, ஒரு மீன் இல்லை, நேற்று எல்லாவற்றையும் ஆட்டிடம் கொடுத்திருந்தேன். வழக்கமாக இந்த இடத்தில் விரல் பறக்கும், கட்டத்தை மூடிவிட்டு ஆற்றுக்கு ஓடுவேன், அதற்குள் கெண்டைக்காலில் பிடித்தது பாருங்கள், தண்ணீர் அதிகம் எடுத்தால் வரும் அந்த இழுப்பு, காலைப் பிழிந்து உலர்த்துகிற மாதிரி. ஐயோ என்று கத்திவிட்டேன். சிஸ்டர் ஓடிவந்து மெஷினை மெதுவாக்கினாள், கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தினாள், பாதத்தைத் தன் உள்ளங்கையால் அழுத்தி மேலே தள்ளினாள், "மூச்சு விடுங்க சார், விடுங்க, பிரஷர் எறங்கிட்டு, இப்ப சரியாயிரும்." கண்ணைக் கட்டியது. காதுக்குள் கொய்யென்ற சத்தம். சாவு இப்படித்தான் வருமா, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஃபேனுக்கு அடியில்? ஒவ்வொரு தடவையும் இதைத்தான் நினைப்பேன், போனால் போகிறது, யாருக்கும் பாரமில்லாமல் போய்விடலாம் என்றுகூட நினைத்துச் சமாதானம் ஆகியிருக்கிறேன். இன்று அந்தச் சமாதானம் வரவில்லை. வலி இறங்கிக் கண் தெளிந்தபோது டேப்லெட் அப்படியே நின்றிருந்தது, நான் ஓடவில்லை, ஒன்றும் கொடுக்கவில்லை, நீர்நாய் என் எதிரில் பனியில் ஆடிக்கொண்டிருந்தது. ஆமாம், ஆட்டம். இரண்டு கையையும் மேலே தூக்கி, ஒற்றைக் காலில் ஒரு சுற்று, மறு காலில் ஒரு சுற்று. இத்தனை மாதமாக நான் இதைப் பார்த்ததே இல்லை. கொடுத்தவுடன் அது ஆடும் போலிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் ஆடத் தொடங்குவதற்குள் நான் ஆற்றுக்கு ஓடியோ எதையாவது அதன் கையில் திணித்தோ நிறுத்தியிருக்கிறேன். வாங்கினவன் நான், சந்தோஷம் அதற்கு. பிறகு அது கடலைப் பக்கம் திரும்பி நடந்தது. நானும் பின்னால் போனேன். மணலில் ஆடு நிற்கிறது, முள்ளம்பன்றி நிற்கிறது, வாத்து பையைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறது, யாரும் பேசவில்லை, என்ன விசேஷம் என்று எந்தக் கட்டமும் வந்து சொல்லவில்லை. நானும் வரிசையில் நின்றேன். பனி கடலுக்குள் விழுந்து கரைகிறது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மெல்லப் புடைத்தது, ஒரு முதுகு எழுந்தது, எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது, அந்தச் சின்னத் திரைக்குள் அடங்காத பெரிய முதுகு, திமிங்கலம், ஒரு தடவை மூச்சு விட்டது, அந்தச் சத்தம் என் நெஞ்சுக்கூட்டில் கேட்டது, பிறகு உள்ளே போய்விட்டது. பரிசு இல்லை, புள்ளி இல்லை, நீ பார்த்துவிட்டாய் என்று யாரும் சொல்லவில்லை. அது வந்தது, நாங்கள் இருந்தோம். என் வாய் திறந்தபடியே இருந்திருக்க வேண்டும், சிஸ்டர் தண்ணி வேணுமா சார் என்று கேட்டாள். இந்த உலகத்தில் இன்னும் என்னென்ன நான் பார்க்காமல் கிடக்கிறதோ, பொம்மை உலகத்திலேயே இவ்வளவு என்றால் நிஜத்தில் எவ்வளவோ, நான் கோயமுத்தூரைத் தாண்டியதில்லை, மிருதுளாவின் காலேஜைப் பார்த்ததில்லை. எனக்குச் சாக இஷ்டமில்லை. யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே சொன்னதில்லை, எனக்கு நாளைக்கு வேண்டும், அதற்கு அடுத்த நாளும் வேண்டும், பேராசைக்காரன் மாதிரி வேண்டும்.

சாந்தா பத்தே முக்காலுக்கே வந்துவிட்டாள். ஒரு தோளில் பை, கையில் ஃபைல், பஸ் ஜன்னல் காற்றில் தலை கலைந்து, நெற்றியில் வியர்வை. கட்டிலின் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலில் மெஷினைப் பார்த்தாள், பிறகு குழாயை, பிறகு என்னை. "என்னண்ணா மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்குது?" கால் பிடிச்சுக்கிச்சு என்றேன். ஊசிகளை எடுக்கிற நேரம் வந்துவிட்டது, சிஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து, ரத்தம் நிற்கும் வரைக்கும் பஞ்சை வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். நான் வலது கையைக் கொண்டுபோவதற்குள் சாந்தா தன் இரண்டு கட்டைவிரலையும் வைத்துவிட்டாள். என் கையை எடுத்துவிட்டேன். அவள் குனிந்து, பஞ்சைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அண்ணா, நாளைக்கு அங்க என்னென்ன கேப்பாங்கன்னு டாக்டரம்மாட்டப் போன்ல கேட்டேன். யாராச்சும் கட்டாயப்படுத்துனாங்களான்னு கேப்பாங்களாம். இல்லீங்கன்னு சொல்லீருவேன். காசு பணம் எதாச்சும் வாங்குனீங்களான்னு கேப்பாங்களாம். அதும் இல்லீங்க."

"ம்."

"உங்க அண்ணனுக்கு இதுல சம்மதமா, அவரு என்ன சொல்றாருன்னும் கேப்பாங்களாம்." விரல் இன்னும் கொஞ்சம் அழுந்தியது. "நாலு மாசமா நாந்தான் தர்றேன், தர்றேங்கறேன். எங்க வீட்டுக்காரரு கேட்டுட்டாரு, ரேவதியண்ணி கேட்டாச்சு, என்ற பிள்ளைங்ககூட எப்பம்மா ஆபரேஷன்னு கேக்குதுங்க. நீ மட்டும் வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கல. அங்க கேமராவுக்கு முன்னாடி நான் என்னன்னு சொல்லட்டும்? எங்கண்ணனுக்கு வேணுமா வேண்டாமான்னே எனக்குத் தெரியாதுங்கன்னா?"

வேண்டாம் அம்மணி. வரி நாக்கு நுனியில் தயாராக இருந்தது, நான்கு மாதம் பழகிய வரி, எடுத்து விட்டால் போதும். அவள் முகம் நிமிரவில்லை, கலைந்த தலைமுடிக்குள் இரண்டு நரை, என் தங்கச்சிக்கு நரைத்திருக்கிறது, நான் கவனித்ததே இல்லை. சேலையும் வெல்லமும் இறக்கி வைக்கிற அவசரத்தில் இவளை எப்போது உட்கார்ந்து பார்த்தேன்? வாயைத் திறந்தேன்.

"சாந்தா."

"என்னண்ணா?"

"எனக்கு இருக்கோணும் போல இருக்குது. இன்னும் கொஞ்ச காலம்." குரல் உடைந்தது, வக்கீல் பார்க்கிறார், பார்க்கட்டும். "எனக்குக் குடு, அம்மணி. உங்கிட்டத்தான் கேக்கறேன். திருப்பித் தர எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

அவள் கண்ணிலிருந்து ஒன்று சொட்டி என் முழங்கையில் விழுந்தது, துடைக்க அவளுக்குக் கை இல்லை, விரலை எடுத்தால் ரத்தம் வந்துவிடும். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இதுக்கு நாலு மாசமாண்ணா உனக்கு?" என்றாள். "நாளைக்கு அங்கயும் இதே மாதிரி கேளு. மாத்திப் பேசீராத."

கேட்கிறேன் என்றேன்.